ஒத்தக்குதிரைக்கு ஒரு பலகை

✝
விழுப்புரம்
23 ஜூன் 2025

அன்புத் தங்கை பிரின்சிக்கு,

அண்ணன் ஜோஸ்வின் எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உன் ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? பிளஸ் டூ பாடம் தொடங்கிவிட்டதா? செல்போன் இல்லாத இடத்துக்குக் கடிதம் எழுதுவது எனக்குப் புதுசு. தப்பிருந்தால் சிரிக்காதே.

ஒரு சின்ன உதவி. ராஜ்குமாரைத் தெரியும் அல்லவா, உன் வகுப்புக் கலைப்பிரியாவின் அண்ணன். அவனுடைய கபடி டீமுக்கு டி-ஷர்ட் அடிக்கிறார்கள். அதில் போட ஒரு லோகோ வேண்டும். கம்ப்யூட்டரில் செய்தால் எல்லா டீமுக்கும் ஒரே மூஞ்சியாக வருகிறது என்று கையால் எழுதியது கேட்கிறான். மாதிரிக்கு என் பழைய ஜீன்ஸின் இடுப்பு லேபிளைக் கிழித்து வைத்திருக்கிறேன். அந்தக் கௌபாய் எழுத்து, கயிறு, நட்சத்திரம் எல்லாம் அதேபோலப் பழங்காலத்துத் தோரணையில் வேண்டும். பெயர், ஒத்தக்குதிரை. கீழே ஒரு ரிப்பன் வரைந்து அதைக் காலியாக விடு, நாங்கள் எழுதிக்கொள்கிறோம். எட்டடிக்கு மூன்றடியாகப் பெரிதாக்கினாலும் கெடாத மாதிரி இருக்கட்டும்.

நான் தினமும் பாண்டிக்குப் போய் சேஃப்டி கோர்ஸ் படிக்கிறேன். ஆண்டோ மாமா குவைத்தில் விசாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். டிசம்பரில் கிளம்ப வேண்டும் என்கிறார் அப்பா.

லோகோ விஷயம் வீட்டுக்குத் தெரிய வேண்டாம். பெரிதாக ஒன்றுமில்லை, சும்மாத்தான்.

உன் நலம் விரும்பும்,
ஜோஸ்வின்

✝
திண்டிவனம்
29 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பிரின்சி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீ நலமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

எட்டடி அகல டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கபடி ஆடப்போவது யார் அண்ணா, மயிலம் தேரா? ‘சும்மாத்தான்’ என்று நீ சொன்ன எதுவும் இதுவரை சும்மா இருந்ததில்லை. சும்மாத்தான் என்று நீ கொண்டுவந்த நாய்க்குட்டி இப்போது என் கட்டிலில் தூங்குகிறது என்று அம்மா எழுதியிருக்கிறார்.

இருந்தாலும் கணக்கு வகுப்பு முழுக்க உன் இடுப்பு லேபிளைத்தான் ஆராய்ந்தேன். (கணக்கு டீச்சர் நான் வடிவியல் போடுவதாக நம்பிவிட்டார்.) அந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் காலில் கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு, இடுப்பில் இரண்டு பக்கமும் முள் வைத்துக்கொண்டு, அட்டென்ஷனில் நிற்கின்றன. நம் எழுத்து அப்படி நிற்குமா? உட்காரும், வளையும், வாலை ஆட்டும். அதற்குப் பூட்ஸ் மாட்டுவது கைக்குழந்தைக்கு யூனிஃபார்ம் மாட்டுகிற வேலை. நான் விடவில்லை. ‘ஒ’ சுருக்குக் கயிறாகிவிட்டது. ‘த்’, ‘க்’ இரண்டின் புள்ளியும் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை. ‘தி’யின் கொக்கிக்கு ஒரு தொப்பி. ‘ரை’யின் முன்னால் இருக்கும் இரட்டைச் சுழியை நான் தொடவே இல்லை, அதுவே வண்டிச் சக்கரமாக உருண்டு வந்து நின்றது. பென்சில் படம் இத்துடன்.

தொண்டையில் நிற்பது அந்தக் காலி ரிப்பன்தான். கடைப் பெயரை எழுதத் தெரிந்தவர்களுக்குத் தொழிலை எழுதக் கை வரவில்லை என்றால் அது சொல்லக்கூடாத தொழில். கௌபாய் படங்களில் இந்த மாதிரிப் பலகை சாராயக் கடை வாசலில் தொங்கும். ராஜ்குமார் அண்ணனின் ஊர் கூட்டேரிப்பட்டு, அதுவும் ஹைவே. என்ன திறக்கப்போகிறீர்கள், பாரா?

ஸ்தோத்திரம் சிஸ்டர் லூசியா. வார்டன் என்ற முறையில் இந்த வரியையும் நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். என் அண்ணன் குடிப்பதில்லை. இதுவரை.

உண்மை வரும்வரை ரிப்பன் காலியாக இருக்காது. ‘உள்ளே என்ன நடக்கிறதென்று ஓனருக்கே தெரியாது’ என்று அழகாக எழுதி வைத்திருக்கிறேன்.

அப்பா போன கடிதத்திலும் அதே பாட்டுத்தான், சிலுவைக்கு மீசை வைக்காதே, படிக்கிற வேலையைப் பார் என்று. எதன் காலைக் கண்டாலும் ஒரு சுருள் இழுக்காமல் என் கை நிற்பதில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

பதிலையும் பதிலோடு மல்லாட்டை வெல்ல உருண்டையையும் எதிர்பார்க்கும்,
பிரின்சி

(ஓரத்தில், பென்சிலில், வேறு கையெழுத்து: ‘கு’வின் வால் கொஞ்சம் நீளம். – லூ.)

✝
விழுப்புரம்
14 ஜூலை 2025

பிசாசுத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. சுகம், நீயும் அப்படியே என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் தபாலில் வராமல் கலைப்பிரியாவின் டிபன் பாக்ஸுக்கு அடியில் வருவதிலேயே புரிந்திருக்கும். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

பார் இல்லை. சலூன். முடி வெட்டுகிற சலூன். உன் கௌபாய்கள் அந்தப் பெயரில் சாராயம் விற்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

பாண்டியில் நான் படித்துக்கொண்டிருப்பது சேஃப்டி கோர்ஸ் இல்லை. ஐந்து மாதமாகக் கத்தரிக்கோல்தான் பிடிக்கிறேன். நன்றாக வருகிறது பிரின்சி. எனக்கு நன்றாக வருகிற ஒரே வேலை இதுதான் என்று வைத்துக்கொள். ராஜ்குமார் கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் அவர்கள் இடத்தையே தருகிறான், இரண்டு பேரும் சேர்ந்து நடத்துவதாகப் பேச்சு.

போன கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அப்பாவிடம் விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தேன். நீ அப்போது சமையலறையில் இருந்தாய். அவர் சொன்னது இது: “குவைத்துல போயி கக்கூஸ் கழுவுனாலும் ஊருக்குத் தெரியாது. இங்க நீ கத்தரி புடிச்சினு நின்னா நாளைக்கே நாம என்னா சாதின்னு கேப்பான். அப்புறம் உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?” பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

டிசம்பருக்குள் கடை ஓட ஆரம்பித்துவிட்டால் அதைக் காட்டிப் பேசலாம். அதற்கு முன் தெரிந்தால் என்னைத் தூக்கி விமானத்தில் போட்டுவிடுவார். என் தலை உன் வாயில் இருக்கிறது.

ஜோஸ்வின்

✝
திண்டிவனம்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு (கத்தரி பிடித்தவனுக்கு மரியாதை),

பிரின்சி எழுதுவது. நலம். மாதப் பரீட்சையால் தாமதம். அதுவும் முழு உண்மையில்லை. உன் கடிதத்தைப் படித்தபின் சில நாள் எழுத வரவில்லை.

கோயிலில் எல்லோரும் ஒரே மந்தை என்று அப்பாதான் முதல் குரலில் பாடுவார். அந்த மந்தைக்கு முடி வளர்ந்தால் யார் வெட்டுவார்கள் என்று பாட்டில் இல்லை போலிருக்கிறது. இதில் என் கல்யாணம் எதற்கு வந்தது? எனக்கு வரப்போகிறவனுக்குத் தலையில் முடி இருக்குமா என்பதே தெரியாது.

படம் தயார். பென்சில் படத்தில் துப்பாக்கிகள் இருந்த இடத்தில் இரண்டு கத்தரிக்கோல், குறுக்கும் நெடுக்குமாக. குதிரையின் பிடரியைச் சீவி வகிடெடுத்திருக்கிறேன். ரிப்பனில் ‘முடிதிருத்தகம்’ என்று பூட்ஸ் போட்ட எழுத்து, ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் கறுப்பு நிழல். லேபிளில் இருக்கிற மாதிரி 1886 என்று போடவில்லை. கடை பிறக்கும்போதே தாத்தாவாக வேண்டாம். ‘கு’வின் வாலைச் சுருக்கிவிட்டேன், சிஸ்டர் சொன்னது சரிதான்.

சார்ட் பேப்பர் முழுக்கப் பென்சிலில் கட்டம் போட்டிருக்கிறேன். பெயிண்டர் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, பேப்பரில் இருப்பதில் ஒரு கோட்டைக்கூட விடக்கூடாது என்று சொல். ஒரு முள் குறைந்தாலும் என் குதிரை நொண்டும்.

நான் யாரிடமும் சொல்லமாட்டேன். கலைப்பிரியா மீதுதான் கொஞ்சம் சந்தேகம். ரகசியம் தெரிந்த நாளிலிருந்து என்னைப் பார்த்தாலே கண்ணடிக்கிறாள். கண் நோய் என்று வகுப்பில் பரப்பி வைத்திருக்கிறேன்.

உன் ரகசியப் பொருளாளர்,
பிரின்சி

✝
கூட்டேரிப்பட்டு
30 செப்டம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வழக்கம்போல டிபன் பாக்ஸ் தபால்.

கடை திறந்தாயிற்று. பலகை எழுதியவர் தென்னரசு அண்ணன், மயிலம் ரோட்டில் சுவர் விளம்பரம் எழுதுகிறவர். உன் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “ஒரு கோடு கூட உடாதன்னு தங்கச்சி சொல்லியிருக்குதில்ல? நான் உடுவனா?” என்று ஏணியில் ஏறினார். பேப்பரில் இருந்ததெல்லாம் பலகையில் இருக்கிறது. லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். எடுத்த பிறகு வெட்டிக்கொண்டும் போகிறார்கள்.

ஒரு பயம்தான். அப்பா உன்னைப் பார்க்க மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு இந்த வழியாகத்தான் வருகிறார். ஆனால் பஸ் ஏறினால் விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குள் குறட்டை வந்துவிடும். பார்த்தாலும் பலகையில் என் பெயர் எங்கும் இல்லை. ராஜ்குமார் கடை என்றுதான் ஊரே நினைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் பிறகு நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் எழுத்துக்குக் கீழே நின்று வேலை செய்யும்,
ஜோஸ்வின்

✝
விழுப்புரம்
15 அக்டோபர் 2025

அன்பு மகள் பிரின்சிக்கு,

அப்பா சூசைமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. ஞாயிறன்று உன்னைப் பார்த்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். நீ இளைத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னேன், கேப்பை மாவு வறுத்து அனுப்புகிறாள்.

வரும் வழியில் தூக்கம் வரவில்லை.

ஆண்டோ மாமா போன் செய்தார். விசா டிசம்பர் நடுவில் வந்துவிடுமாம். ஜோஸ்வினிடம் சொன்னேன். சரி என்றான். அவன் பாண்டிக்குத்தான் போகிறானா? உனக்கு எழுதுகிறானா? என்ன எழுதுகிறான்?

நீ இப்போதும் படம் வரைகிறாயா?

உடனே பதில் எழுதவும். தினமும் செபமாலை சொல்லவும்.

அப்பா

✝
திண்டிவனம்
19 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கள் மகள் பிரின்சி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். கேப்பை மாவு வந்தது. சிஸ்டர் லூசியா அதில் பாதி சாப்பிட்டார், இதை அவரும் படிப்பார்.

அண்ணன் பாண்டியில் நன்றாகப் படிக்கிறது என்றுதான் எழுதுகிறது. பாதுகாப்பு பற்றி நிறைய எழுதுகிறது. கூர்மையான கருவிகளைக் கவனமாகக் கையாள வேண்டும், அவசரப்பட்டால் ரத்தம் வரும் என்றெல்லாம். வேறு எதுவும் எனக்குத் தெரியாது அப்பா. சத்தியமாக.

படம் வரைவதை எப்போதோ விட்டுவிட்டேன். தவளையின் ஜீரண மண்டலம் மட்டும்தான். அதுவும் மார்க்குக்காக.

அம்மாவுக்கு முத்தம். நாய்க்கு என் கட்டிலில் பாதி.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
பிரின்சி

விழுப்புரம்
10 நவம்பர் 2025

பிரின்சிக்கு,

சிஸ்டர் படித்தாலும் பரவாயில்லை என்றுதான் தபாலில் போடுகிறேன்.

நேற்று அப்பா கூட்டேரிப்பட்டில் இறங்கினார். உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில். எதிர் டீக்கடையில் நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒருவர் தலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாமல் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே வெட்டினேன். கடைக்குள் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்குப் போனேன். அம்மா சோறு போட்டார், அப்பா சாப்பிட்டார், எழுந்து போனார். திட்டினால்கூடத் தாங்குவேன்.

கடையில் என் பெயர் இல்லை. வெளியே என் முகம் தெரியாது. நூறு கடை இருக்கிற ஹைவேயில் சரியாக அந்தக் கடைக்கு எதிரில் இறங்கி நிற்க வேண்டுமென்றால் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ராஜ்குமார் சொல்லவில்லை. தெரிந்த மற்ற ஆள் நீ. அவர் வந்ததும் உன்னிடமிருந்துதான்.

உனக்கு எல்லாம் விளையாட்டு. எனக்கு டிசம்பரில் குவைத்.

ஜோஸ்வின்

✝
திண்டிவனம்
23 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை, இருந்தாலும் விசாரிக்கிறேன்.

நான் சொல்லவில்லை. அன்று வந்த அப்பா முறுக்கும் சோப்பும் கொடுத்தார், என் நோட்டை வாங்கிப் புரட்டினார், போய்விட்டார். உன்னைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

உன் கடிதத்தைச் சிஸ்டர்தான் கையில் கொண்டுவந்து கொடுத்தார். டிபன் பாக்ஸ் தபாலையும் படித்திருப்பாரோ என்று, நீங்கள் அப்பாவிடம் சொன்னீர்களா சிஸ்டர் என நேராகவே கேட்டுவிட்டேன். “நான் படிப்பேன்டி, பரப்பமாட்டேன்” என்றார். பிறகு, “உங்க அண்ணன் நல்லா வெட்டுவானா?” என்றார். அடுத்ததாகக் கலைப்பிரியாவைப் பிடித்தேன். அழுதுவிட்டாள். அழுதுகொண்டே பையிலிருந்து உங்கள் கடை நோட்டீஸை எடுத்துக் காட்டினாள், “என் மேல சந்தேகப்பட்டுக்கினே இரு, உன் போர்டு எவ்ளோ அழகா வந்துருக்குது பாரு” என்று.

இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன், உன் கடிதத்தையும் நோட்டீஸையும். உன் கடிதம் என்னவோ மொட்டையடித்த மாதிரி இருந்தது. ஏனென்று புரிய நேரமாயிற்று. உச்சியில் சிலுவை இல்லை. நம் வீட்டில் சிலுவை போடாமல் யாரும் ஒரு தாளில் எழுதத் தொடங்கியதில்லை, கடைச் சாமான் சீட்டில்கூட இருக்கும். கோபத்தில் விட்டிருக்கிறாய்.

அப்புறம்தான் நோட்டீஸில் இருந்த பலகைப் படத்தைப் பார்த்தேன். குதிரைக்கு மேலே, நட்டநடுவில், தங்க நிறத்தில் ஒரு சிலுவை. காலின் இரண்டு பக்கமும் சுருண்ட மீசை.

அண்ணா, அது லோகோ இல்லை. சார்ட் பேப்பரை எடுத்ததும் கை தானாகப் போட்டது. அது நம் வீட்டுப் பழக்கம் என்று தென்னரசு அண்ணனுக்கு எப்படித் தெரியும், ஒரு கோட்டையும் விடாமல் எழுதிவிட்டார். ராஜ்குமார் அண்ணன் அதை நம் வேண்டுதல் என்று நினைத்திருப்பார். நீ தினமும் அதன் கீழே நின்றும் பார்க்கவில்லை, தாளின் உச்சியில் சிலுவை இருப்பது நமக்குத் தாள் இருப்பது மாதிரி, கண்ணில் படாது. உலகத்தில் அதைப் பார்த்து என்னை அடையாளம் கண்டுபிடிக்கக்கூடியவர் ஒரே ஆள். மூன்றாம் வகுப்பிலிருந்து அந்த மீசைக்காக என்னைத் திட்டுகிறவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் சொன்னது நான்தான். என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிரின்சி

விழுப்புரம்
1 டிசம்பர் 2025

பிரின்சி,

உன்மேல் பழி போட்டது தப்பு. மன்னித்துவிடு. கடையில் உன் கடிதத்தைப் படித்ததும் வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு மாதம் அதன் அடியில் நின்றிருக்கிறேன்.

பயத்தில் ஏணி போட்டு நானே வெள்ளை அடித்து அதை அழித்துவிட்டேன். அவர் மறுபடி வந்து பார்த்தால், தான் பார்த்தது வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு முட்டாள்தனம். இப்போது குதிரைத் தலைக்கு மேல் ஒரு வெள்ளைத் திட்டு.

அப்பா இன்னும் பேசவில்லை. பீரோவிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். எதற்கென்று அம்மாவுக்கும் தெரியவில்லை. மாமாவின் டிக்கெட் எந்த நாளும் வரலாம்.

செபம் செய்.

ஜோஸ்வின்

✝
விழுப்புரம்
8 டிசம்பர் 2025

அன்பு மகள் பிரின்சிக்கு,

அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. அனைவரும் சுகம். பனி அதிகம், காதை மூடிக்கொண்டு படுக்கவும்.

அக்டோபரில் உன்னைப் பார்த்துவிட்டு வரும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாக அந்தப் பலகையைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் என்னா பெரியவரே எறங்கணுமா என்றான். இல்லை என்று உட்கார்ந்தேன். அதனால்தான் உனக்குக் கடிதம் எழுதினேன். எதுவும் தெரியாது, படம் வரைவதை விட்டுவிட்டேன், சத்தியமாக என்று நீ பதில் எழுதினாய். அந்தப் பதிலின் உச்சியிலும் அதே மீசை இருந்தது.

நவம்பரில் திட்ட வேண்டும் என்றுதான் இறங்கினேன். டீக்கடையில் நின்றேன். அவன் ஒரு வயதானவருக்கு வெட்டிக்கொண்டிருந்தான். அவர் தலையை மெதுவாகப் பிடித்துத் திருப்புவதைப் பார்த்தேன். டீ ஆறிப்போனது. என்ன சொல்வதென்று தெரியாமல் பஸ் ஏறினேன். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டேன், அதை வைத்துக்கொண்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

நேற்று முன்தினம் மறுபடி போனேன். சிலுவை இருந்த இடத்தில் வெள்ளை அடித்திருந்தது. உள்ளே போனேன். அவன் கையிலிருந்த சீப்பு விழுந்தது. “சிலுவை எங்கடா?” என்று கேட்டேன். “அழிச்சிட்டேம்பா” என்றான். ஏன் என்று கேட்டேன். குனிந்து சீப்பைப் பொறுக்கினான். என் மேல் உள்ள பயத்தில் என் பிள்ளை சிலுவையை அழித்திருக்கிறான். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தேன். வெட்டினான். நடுவில் நம் கோயில் பங்குக்காரர் ஒருவர் வந்து, “என்னா சூசை, இங்க எங்க?” என்றார். எம் புள்ள கடை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. சொன்னேன். அவர் நாளைக்கு ஊரில் என்ன பேசுவார் என்று தெரியும். பேசட்டும்.

ஆண்டோ மாமாவிடம் போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிறையத் திட்டினார். பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது.

இடது பக்கக் கிருதா கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அவனிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

14ஆம் தேதி உன்னைப் பார்க்க வருகிறேன். அதற்குள் ஒரு சிலுவை வரைந்து வை, ஒரு சாண் உயரம். திரும்பும் வழியில் பெயிண்டரிடம் கொடுக்க வேண்டும். நம் வீட்டில் அது இல்லாமல் யாரும் எதையும் தொடங்கியதில்லை.

மீசையோடு வரை.

அப்பா